குறிப் பணமும் கோர்வைக் கணக்கும்

பல்கலைக்கழகத்தில் நிதியியல் கற்பித்து ஓய்வு பெற்று, பாலக்காடு கல்பாத்தியில் குடியிருக்கும் பேராசிரியர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை: ஐயா, இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?

எம்.காம். படித்தபோது கணக்குப் பதிவியல்தான் பிடித்திருந்தது. பங்குச் சந்தை என்றால் அலட்சியம். பிறகு அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் எழுதிய கட்டுரை கைக்குக் கிடைத்தது. மொத்தம் 15 பக்கம். ஒரு பங்கின் ஆபத்தைத் தனியாக எடைபோடாதே, ஒன்று சரியும்போது மற்றதும் கூடவே சரியுமா என்று பார் என்பதுதான் சாரம். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு வேலை கிடைத்தது.

சித்தூர் கடைக்காரர்: சார், குறியில், அதாவது ஏலச் சீட்டில், சேர்ந்தால் லாபமா, நஷ்டமா?

யாருக்கு என்று கேளுங்கள். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம் என்று வையுங்கள். மாதம் சேருவது ஒரு லட்சம். முதல் ஏலத்தில் ஒருவர் அதில் 30,000 தள்ளி, 70,000 ரூபாய்க்கு எடுக்கிறார். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 எல்லோருக்கும் பிரியும். ஆளுக்கு 1,250 தவணையில் கழியும். எடுத்தவருக்கு இது கடன். கடைசிவரை காத்திருப்பவருக்குச் சேமிப்பு. வட்டி எத்தனை சதவீதம் என்று சேரும் அன்று ஒருவராலும் சொல்ல முடியாது. இனி வரும் ஏலங்களில் எவ்வளவு தள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவனுக்கும் இதைவிட ருசியான கணக்கு அகப்படவில்லை! கல்யாணமோ மருத்துவச் செலவோ இல்லாதவர் முதல் சில ஏலங்களில் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. பதிவு பெற்ற குறிதானா என்று பார்த்துச் சேருங்கள். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969 முதல் குறி நடத்திவருகிறது.

கொல்லங்கோடு வாசகர்: மிருதங்கம், பறவை பார்ப்பது என்று அலைகிறீர்களே, பாடத்துக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சூலனூர் மயில்களுக்கும் நிதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நிம்மதிக்காகத்தான் போகிறேன். மிருதங்கம் வேறு, அது என்னைக் கணக்கிலிருந்து விடுவதில்லை. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, 64 மாத்திரை. இருபது மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி: சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், போய் விழும். இப்படிக் கணக்கிட்டு முடிப்பதுதான் கோர்வை. காகிதத்தில் சுலபம், கை வேகமெடுத்தால் அந்த இடைவெளியைத்தான் முதலில் விழுங்கிவிடும்.

வேலந்தாவளம் மாணவி: கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு நிதியியல் தாள் உண்டா?

தனியாக இல்லை. வணிகவியல் அல்லது மேலாண்மை எழுதுங்கள். எம்.காம். என்றால் வணிகவியலே போதும்.

பெயர் வெளியிட விரும்பாத தாய்: மகன் கல்லூரிக்குப் போகாமல் ஆப்ஷன் வர்த்தகம் செய்கிறான்.

பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வை அவன் முன் வையுங்கள் அம்மா. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (பங்குகளின் வருங்கால விலையை வைத்து நடக்கும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடன் செயலி எதிலாவது பணம் வாங்கியிருக்கிறானா என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.