பச்சையிலிருந்து மஞ்சளுக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில், இரத்தத்திலுள்ள மஞ்சள் நிறமியான பிலிரூபின் 2.3, அதாவது கூடுதல் என்று வந்தது. கல்லீரலின் மற்ற அளவுகள் எல்லாம் சரி. டாக்டர், "கில்பர்ட் சிண்ட்ரோம், பிறவியிலேயே இருப்பது, மருந்து வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அம்மா கேட்கவில்லை, தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். படிக்காதவர், சொன்னால் புரியாது. இந்தக் கழிவை முழுக்க வெளியேற்ற வழி உண்டா? பிலிரூபின் இதயத்துக்கு நல்லது, பட்டினி கிடந்தால் கூடும் என்று ஒரு வீடியோ சொல்கிறது. இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். எது சரி?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

'கழிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

போன மாதம் அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிரிப்ஸ் ஊசி நழுவி, புறங்கையில் இரத்தம் கன்றிப்போயிருந்தது. முதலில் நாவற்பழ நிறம். ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் பச்சை படர்ந்தது. வீட்டுக்கு வரும்போது மஞ்சள் மட்டும்தான் மிச்சம். எண்பத்தொரு வயது உடம்பு. மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்தக் கையில் வேலை நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பச்சைக்குப் பெயர் பிலிவெர்டின், மஞ்சள்தான் உங்கள் பிலிரூபின். சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அது உடையும்போது உள்ளிருக்கும் ஹீம் (இரத்தத்துக்குச் சிவப்பு தரும் இரும்புச் சேர்மம்) கட்டவிழ்ந்து திரிந்தால் செல்களின் சவ்வை அரிக்கும், அழற்சியைக் கிளப்பும். ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி அதை வெட்டி மூன்றாக்குகிறது: இரும்பு, துளி கார்பன் மோனாக்சைடு, பிலிவெர்டின். இரும்பை உடம்பு பத்திரப்படுத்திக்கொள்கிறது. பூட்டிய அறையில் ஆளைக் கொல்லும் அந்த வாயுவும் இந்தச் சிறிய அளவில் அழற்சியைத் தணிக்கிறது.

அடுத்து நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிலிவெர்டின் நீரில் கரையும். அப்படியே வெளியே தள்ளிவிடலாம். பறவைகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. மைனா முட்டையின் நீலம்கூட அந்த நிறமிதான். நம் உடம்போ கையிருப்புச் சக்தியைச் செலவழித்து, அதை நீரில் கரையாத பிலிரூபினாக மாற்றுகிறது. கரையாததால் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி மறுபடி கரைய வைத்த பிறகுதான் அது பித்தத்தில் இறங்குகிறது. குப்பைக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? 1987இல் ரோலண்ட் ஸ்டாக்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் சோதனைக் குழாயில் பார்த்தார்கள். திசுக்களில் இருப்பதுபோல ஆக்சிஜன் குறைவான நிலையில், கொழுப்பு கெடாமல் தடுப்பதில் பிலிரூபின் வைட்டமின் ஈ-யையே முந்தியது.

1999இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். அழற்சிக் காலத்தில் கைகொடுக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருந்தும் மஞ்சள் ஏறவில்லை. அழற்சி ஓயவில்லை, இரத்தக் குழாய்களின் உட்சுவர் சிதைந்துகொண்டே போனது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் படித்த பிறகு பிலிரூபினைக் கழிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடனே அந்த வீடியோக்காரர் பக்கம் போய் நின்றுவிடாதீர்கள். பட்டினி கிடந்தது சுத்த மடத்தனம். சாப்பிடாவிட்டால் கில்பர்ட் உள்ளவர்களுக்கு எண் ஏறும், கண் மஞ்சளாகும். பலன் எதுவும் கிடையாது. பிலிரூபின் சற்றுக் கூடியவர்களிடம் இதய நோய் குறைவாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் எண்ணை ஏற்றினால் இதயம் பிழைக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. பிறந்த குழந்தைக்கு அதே பிலிரூபின் அளவுமீறி ஏறினால் மூளையில் படிந்து ஆயுளுக்கும் ஊனமாக்கிவிடும். அதற்காகத்தான் நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்கவைக்கிறார்கள்.

கீழாநெல்லி கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. உங்களுக்கு இருப்பது கல்லீரல் நோய் இல்லை, சர்க்கரையை ஒட்டும் அந்த நொதி கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு வேறு எதற்காவது பெரிய மருந்து எழுதினால், கில்பர்ட் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். சில புற்றுநோய் மருந்துகளுக்கு அது முக்கியம்.

அம்மாவைப் 'படிக்காதவர்' என்று எழுதியதுதான் எனக்குக் கோபம். காமாலை வந்து ஆள் போனதைப் பார்த்த தலைமுறை அது. மஞ்சள் என்றாலே அவர்களுக்குக் குலை நடுங்கும். எல்லாவற்றையும் வெளியேற்றத் துடிப்பதில் உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் பயத்தில் இலை அரைக்கிறார், நீங்கள் பயத்தில் வீடியோ பார்க்கிறீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்குக் காலையில் அவர் வைக்கும் இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.