சிரில் ஹேர்: துப்பறியும் கதை எழுதின இங்கிலீஷ் ஜட்ஜ் – உங்க கேள்விகள்

கேள்வி: சிரில் ஹேர்ங்கறது நிஜப் பேரா சார்?

பதில்: இல்லங்க, புனைபேர். நிஜப் பேரு ஆல்ஃப்ரெட் அலெக்ஸாண்டர் கார்டன் கிளார்க், 1900ல சர்ரேல பொறந்தவர். குடியிருந்தது லண்டன் பேட்டர்ஸீல சிரில் மேன்ஷன்ஸ், வக்கீல் ஆபீஸ் இருந்தது ஹேர் கோர்ட்ங்கற இடத்துல, ரெண்டையும் சேத்து பேரு வச்சுக்கிட்டார்.

கேள்வி: கொலை கேஸ்ல தீர்ப்பு சொன்ன அனுபவத்த வச்சுத்தான் எழுதினாரா?

பதில்: நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆனா முதல் நாவல் 1937லயே வந்தாச்சு, ஜட்ஜ் ஆனது 1950லதான், அதுவும் கவுண்ட்டி கோர்ட்டுக்கு, அங்க சிவில் வழக்குதான், கடன் பாக்கி, வீட்டுக்காரர் குடித்தனக்காரர் சண்டை, இந்த மாதிரி. கிரிமினல் சமாச்சாரமெல்லாம் அதுக்கு முன்னாடியே வக்கீலா இருந்து பாத்தது, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அரசுத் தரப்பு வழக்குகள கவனிக்கற டைரக்டர் ஆபீஸ்லயும் வேலை பாத்திருக்கார்.

கேள்வி: 'ட்ராஜடி அட் லா' அப்படி என்ன பெருசு? எல்லாரும் தூக்கி வச்சுப் பேசறாங்களே.

பதில்: அதுக்கு ஒரு காரணம் இருக்கு தம்பி. அந்தக் காலத்துல ஹைகோர்ட் ஜட்ஜுங்க ஊர் ஊரா போய் கோர்ட் நடத்துவாங்க, கூடவே மார்ஷல்னு ஒருத்தர் துணைக்குப் போவார், போர் ஆரம்பிச்சப்ப இவரும் அப்படி மார்ஷலா சுத்தினவர்தான், அதைத்தான் 1942ல நாவலா எழுதினார். ஆரம்பமே பாருங்க, போர்னால ஜட்ஜ வரவேற்க கொம்பு ஊதற மரியாதைய நிறுத்திட்டாங்கன்னு ஜட்ஜ் அய்யா மூஞ்சிய தூக்கி வச்சிருப்பார்! அப்புறம் ராத்திரி விருந்து முடிஞ்சு அவரே கார் ஓட்டிட்டு வந்து ஒரு ஆள இடிச்சுடுவார், பாத்தா காருக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. ஊருக்கே நியாயம் சொல்ல வந்த ஆளு! கொலை ரொம்ப லேட்டாத்தான் நடக்கும், அதுவரைக்கும் இந்த மனுஷனோட அகம்பாவமே கதைய இழுத்துட்டுப் போகும். முடிச்சு ஒரு சட்ட நுணுக்கத்துல இருக்கு, இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெட்டிக்ரூதான் அவரோட துப்பறிவாளரா?

பதில்: ஆமா, ஆனா ஹீரோ கணக்கா இருக்க மாட்டார். வயசாகி, தொழில்ல பெருசா மேல வராத வக்கீல், கிண்டல் மட்டும் குறையாது. ஆரம்ப நாவல்கள்ல ஸ்காட்லண்ட் யார்டுங்கற லண்டன் போலீஸ்ல இருக்கற இன்ஸ்பெக்டர் மேலட்தான் துப்பறிவார்.

கேள்வி: ஏன் அண்ணா இவ்ளோ கொஞ்சமா எழுதியிருக்கார்?

பதில்: ஒன்பது நாவல், கொஞ்சம் சிறுகதை. போருக்கப்புறம் டிபி வந்து உடம்பு பழையபடி தேறவே இல்ல, 1958ல 57 வயசுலயே போய்ட்டார்.

கேள்வி: எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: சின்னதா வேணும்னா 1951ல வந்த 'ஆன் இங்கிலீஷ் மர்டர்'. கிறிஸ்துமஸ், பனி மூடின பெரிய வீடு, வெளிய போக வழியில்ல, சோவியத்துல 1974ல படமாவே எடுத்தாங்க. பொறுமை இருந்தா நேரா 'ட்ராஜடி அட் லா'.