மொதல்ல புக்க மூடுங்க: படிப்பு கேள்வி-பதில்

இந்த தடவ வந்ததுல பாதி "கான்சன்ட்ரேஷன் வரல, டிப்ஸ் சொல்லுங்க"ன்னு ஒத்த வரிதான். என்ன கிளாஸ், என்ன பாடம், எப்போ உக்காருறிய, போன் எங்க கெடக்கு, ஒண்ணும் கெடையாது. டாக்டர்ட்ட போயி "வலிக்கி"ன்னு மட்டும் சொல்லிட்டு சும்மா இருப்பியளா? அதெல்லாம் ஒதுக்கியாச்சு. மிச்சம் இது.

கேள்வி: ப்ளஸ் டூ, களியக்காவிளை. புக்க எடுத்து பத்து நிமிஷத்துல மனசு எங்கயோ போயிருது. டைமர் வச்சு 25 நிமிஷம் படிச்சிட்டு கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கிற பொமோடோரோ முறைல, அந்த 25 நிமிஷம் கூட உக்கார முடியல.

முடியலன்னா 10-ல தொடங்கு மக்கா. இத கண்டுபிடிச்ச சிரில்லோங்கிற இத்தாலிக்காரரும் 1980கள் கடைசில காலேஜ்ல படிக்கும்போ, தக்காளி மாதிரி இருந்த ஒரு சமையக்கட்டு டைமர முடுக்கி வச்சு, 10 நிமிஷம் ஒழுங்கா படிக்க முடியுமான்னுதான் மொதல்ல பாத்தாரு. வாரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் கூட்டு. நடுவுல வேற நெனப்பு வந்தா பக்கத்துல ஒரு துண்டு பேப்பர்ல ஒரு வார்த்த எழுதிப் போட்டுட்டு திரும்பிரு. டைமர போன்ல வைக்காத, போன் அடுத்த ரூம்ல. சைலன்ட்ல கவுத்தி வச்சிருக்கேன்னு எங்கிட்ட சொல்லாத.

கேள்வி: அருமனைல இருந்து ஒரு அம்மா. ரப்பர் பால் வெட்ட 4 மணிக்கு எழும்புவோம், பத்தாங்கிளாஸ் மவனையும் கூடவே எழுப்பி படிக்க உக்கார வைப்போம். உக்காந்தபடியே தூங்குறான்.

ராத்திரி எப்போ படுக்கான்னு எழுதலயேம்மா. 11ன்னு வைங்க, 5 மணி நேரம்தான் ஆச்சு. அந்த வயசுக்கு 8 மணி நேரமாவது வேணும், படிச்சது உள்ள உறைக்கிறதே தூக்கத்துலதான். வெயில் ஏறினா பால் கொறையும், அதனால மரத்துக்கு விடியக்காலம் வேணும், பிள்ளைக்கு அப்படி என்ன கட்டாயம்? 4 மணிதான்னா 8 மணிக்கே படுக்க விடுங்க. இன்னொண்ணு, மரத்தையே நீங்க ஒண்ணு விட்ட நாள்தான வெட்டுவிய? ஒரே பாடத்த ஒரே நாள்ல 5 மணி நேரம் போட்டு இழுக்காம இன்னைக்கு, நாளக்கழிச்சு, அடுத்த வாரம்னு விட்டு விட்டு பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: வல்லாரை லேகியம் தின்னா ஓர்மை (ஞாபகம்) கூடுமா?

தொவையல் அரைச்சா சோத்துக்கு கொள்ளாம். புக்க மூடிட்டு எழுதிப் பாக்காதவன் லேகியம் தின்னா லேகியம்தான் தீரும்.

கேள்வி: நீட், மார்த்தாண்டம். எந்த கலர் ஹைலைட்டர்ல அடிச்சா நல்லா நிக்கும்? இப்ப டெபினிஷனுக்கு மஞ்சள், முக்கியத்துக்கு பச்ச, ரொம்ப முக்கியத்துக்கு ரோஸ்.

இந்தா வந்தாச்சு. போன வருஷம் ஒரு பிள்ள பயாலஜி புக்க கொண்டு வந்துச்சு, பக்கம் பூரா மஞ்சள், மஞ்சளுக்கு மேல பச்ச, மை ஊறி பின்பக்கமும் தெரியுது. புக்க மூடி மடில வச்சிட்டு கிட்னில இருக்க நெப்ரான் பத்தி சொல்லுன்னேன். கண்ண மூடிக்கிட்டு "இடது பக்கம், மேல, படத்துக்கு கீழ இருக்கு சார்" அப்படிங்குது. எடம் தெரியுது, விஷயம் தெரியல! இதத்தான் சொல்லிச் சொல்லி எனக்க தொண்ட காஞ்சு போச்சு, பாத்த மாதிரி இருக்கிறது வேற, ஓர்மை வேற. 180 கேள்வி, 180 நிமிஷம், நாலு ஆப்ஷனும் பாத்த மாதிரியே இருக்கும், அங்கதான் விழுவிய. அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேரு 2006-ல காலேஜ் பிள்ளைகள வச்சு ஒரு சோதனை போட்டாங்க, ஒரு கூட்டம் பாடத்த 4 தடவ வாசிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவ வாசிச்சிட்டு 3 தடவ பாக்காம எழுதிச்சு. 5 நிமிஷம் கழிச்சு கேட்டா வாசிச்சவன் முன்னால, ஒரு வாரம் கழிச்சு கேட்டா வாசிச்சவனுக்கு 40 சதவீதம், எழுதினவனுக்கு 61. இதுல வேடிக்க என்னன்னா, நல்லா ஞாபகம் நிக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தது 4 தடவ வாசிச்ச கூட்டம்தான். அந்த கலர் பேனாவ தூக்கி பரண்ல போடு. ஒரு பக்கம் வாசி, மூடு, வெள்ள பேப்பர்ல எழுது, தெறந்து பாத்து விட்டுப்போனத மட்டும் சிவப்புல எழுது. கலர் வேணும்னா அந்த ஒரு கலர் போதும்.

கேள்வி: கேரளா எல்லைல பாறசாலை பக்கம் வீடு. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல மலையாளமும் இங்கிலீஷும். நோட்ஸ் எதுல எழுத?

பரீட்சைய எதுல எழுதப்போறியோ அதுல. ஆனா அதுக்கு முன்ன, ஒனக்க அம்மைட்ட சொல்ற மாதிரி தமிழ்ல வாய் விட்டு ஒருக்கா சொல்லிப்பாரு, எங்க முட்டுதோ அங்க வெளங்கலன்னு அர்த்தம்.

கேள்வி: ராத்திரி 10-க்கு கட்டஞ்சாயா குடிச்சு படிக்கலாமா?

சாயால இருக்க, தூக்கத்த வெரட்டுற காஃபின் 5 மணி நேரம் கழிஞ்சும் பாதி ஒடம்புல நிக்கும். சாயந்திரத்தோட நிறுத்து.

கேள்வி: கிழக்க பாத்து உக்காந்தா கவனம் கூடுமா சார்?

டிவி தெரியாத எந்த தெசையும் கொள்ளாம். போன் அடுத்த ரூம்ல.