கர்ப்பத்தில் கொரோனா வந்து போய்விட்டது, இனி பிபி ஏறுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. முதல் கர்ப்பம், இப்போது 24ஆவது வாரம். 17ஆவது வாரத்தில் கொரோனா வந்தது. நான்கு நாள் காய்ச்சல், உடம்பு வலி, அப்புறம் சரியாகிவிட்டது. மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. கர்ப்பத்தில் கொரோனா வந்தவர்களுக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா அதிகம் வரும், வலிப்புகூட வரலாம் என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. என்னைச் சுமந்தபோது அம்மாவுக்கும் பிபி ஏறி, யூரினில் புரதம் போய், நாளுக்கு முன்பே பிரசவம் ஆனதாம். போன வாரம் எனக்கு பிபி 112/70. நிஜமாகவே எனக்கும் வருமா? ஆஸ்பிரின் போட்டால் தடுக்கலாம் என்கிறார்களே, நான் தொடங்கலாமா? வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 112/70 நல்ல அளவு. உங்களுக்கு வந்ததும் லேசான கொரோனாதான். உங்கள் நிலையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா வருவதில்லை. எனவே இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் உங்கள் கேள்வியில் கொரோனாவைவிட அதிகமாக என் கவனத்தை இழுத்தது, அம்மாவைப் பற்றி எழுதியிருக்கும் அந்த ஒரு வரி. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

20ஆவது வாரத்துக்குப் பிறகு பிபி புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, கூடவே சிறுநீரில் புரதம் வெளியேறுவதை ப்ரீஎக்ளாம்ப்சியா என்கிறோம். புரதம் இல்லாவிட்டாலும், கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை என்று ஏதாவது ஒன்று பாதிக்கப்பட்டிருந்தால் அதுவும் இதே நோய்தான். வலிப்பு வந்துவிட்டால் அது எக்ளாம்ப்சியா. உலகம் முழுக்க நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்த நோயைப் பார்க்கிறோம். கொரோனாவுக்கு முன்பும் அப்படித்தான்.

சரி, கொரோனா இதை எவ்வளவு கூட்டுகிறது? 2020இல் 18 நாடுகளின் 43 மருத்துவமனைகளில் 2,130 பெண்களைப் பின்தொடர்ந்த இன்டர்கோவிட் ஆய்வில், கொரோனா வந்தவர்களுக்கு ப்ரீஎக்ளாம்ப்சியாவோ எக்ளாம்ப்சியாவோ வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 1.76 மடங்கு இருந்தது. பிறகு 28 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 7 லட்சத்து 90 ஆயிரம் பெண்களின் தகவல்களை அலசினார்கள். கொரோனா வந்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும், வராதவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்தது. 'அறுபது சதவீதம் அதிக ஆபத்து' என்று நீங்கள் படித்திருந்தால், அது பெரும்பாலும் இந்த அலசலிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அந்தத் தலைப்பைப் படிப்பவர், நூறில் அறுபது பேருக்கு வரும் என்று நினைத்துக்கொள்கிறார். அந்த அறுபது, ஆய்வுகளை எடைபோட்டுச் சேர்த்த ஒப்பீடு. நேராக எண்ணினால் ஆயிரம் பேரில் 48 பேருக்கு இருந்தது 70 ஆகிறது, அவ்வளவுதான். கூடுதல் கவனம் தேவைப்படுகிற அளவுக்கு அது பெரிய வித்தியாசம். தூக்கத்தைத் தொலைக்கிற அளவுக்கு இல்லை.

நோய் எவ்வளவு கடுமையாக வந்தது என்பது இதில் நிறைய மாற்றுகிறது. பிரிட்டனில் 14 மருத்துவமனைகளில், கொரோனா வந்த 1,223 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். அறிகுறியே இல்லாதவர்களில் 1.9 சதவீதம், லேசாக வந்தவர்களில் 2.2 சதவீதம், மிதமாக வந்தவர்களில் 5.7 சதவீதம், கடுமையாக வந்தவர்களில் 11.1 சதவீதம் என்று ப்ரீஎக்ளாம்ப்சியா படிப்படியாக ஏறியது. நீங்கள் இரண்டாவது படியில் இருக்கிறீர்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தடுப்பூசி பரவலாக வருவதற்கு முந்தைய காலத்தவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாதான் காரணமா, அல்லது இரண்டும் ஒரே மாதிரியான உடம்பில் சேர்ந்து வருகின்றனவா என்று நியாயமாகக் கேட்கலாம். உடல் பருமன், சர்க்கரை, ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தம் ஆகியவை கொரோனாவையும் கடுமையாக்கும், ப்ரீஎக்ளாம்ப்சியாவையும் வரவழைக்கும். அது மட்டுமல்ல, பிரசவத்துக்கு வந்து சேரும் அன்று எல்லோருக்கும் கொரோனா சோதனை செய்த இடங்களில், முன்பே பிபி ஏறியிருந்த பெண்களும் 'கொரோனா வந்தவர்கள்' கணக்கில் சேர்ந்தார்கள். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் தொடர்பு மறையவில்லை. தொற்று கடுமையாகக் கடுமையாக இதுவும் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தொடர்பு உண்மையானது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தாலும் அது பொருந்தி வருகிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் ரத்தக்குழாய்களுக்குள் இறங்கி, குறுகலாக இருப்பவற்றை அகலமாக்குகின்றன. இந்த வேலை அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் விடும். அவை ரத்தக்குழாய்களின் உட்பூச்சைக் கெடுக்க, குழாய்கள் இறுகி பிபி ஏறும், சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும். கொரோனா வைரஸும் இதே உட்பூச்சில்தான் கைவைக்கிறது. அது செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ-2 என்ற ஏற்பி நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருளை உடைத்து, குழாயைத் தளர்த்தும் பொருளாக மாற்றுவதுதான் ஏசிஇ-2வின் வழக்கமான வேலை. வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டால் அந்த வேலை குறைந்து, இறுக்கும் பக்கம் கை ஓங்குகிறது.

கொரோனா, ப்ரீஎக்ளாம்ப்சியாவைப் போல வேஷமும் போடும். 2020இல் பார்சிலோனாவில், கடுமையான நிமோனியாவோடு இருந்த சில கர்ப்பிணிகளுக்கு பிபி ஏற்றம், கல்லீரல் கோளாறு என்று அத்தனையும் ப்ரீஎக்ளாம்ப்சியா மாதிரியே இருந்தது. ஆனால் நஞ்சுக்கொடியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தச் சோதனையும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் ஒருவருக்குத்தான் மாறியிருந்தன. இன்னொருவருக்கு நிமோனியா குணமானதும், பிரசவம் ஆகாமலேயே அந்த அறிகுறிகள் தானாக மறைந்துவிட்டன. உண்மையான ப்ரீஎக்ளாம்ப்சியா அப்படி மறையாது, அது முடிவுக்கு வரக் குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தாக வேண்டும். கடுமையான தொற்றின் நடுவே பிபி ஏறினால், அவசரப்பட்டு குறைமாதப் பிரசவத்துக்குப் போகாமல் எது எது என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் பொறுப்பு. உங்களுக்குத் தொற்று முடிந்து ஏழு வாரமாகிவிட்டது, அதனால் உங்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. இனி பிபி ஏறினால் அதைக் கொரோனாவின் மிச்சம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்திருந்தால், அதை மிதமான ஆபத்துக் காரணம் என்று எண்ணுகிறோம். முதல் கர்ப்பம் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் உண்டு. மிதமான காரணங்கள் இரண்டு சேர்ந்தாலே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது இன்றைய மகப்பேறு வழிகாட்டுதல். கொரோனா வந்தது மட்டும் ஆஸ்பிரினுக்குக் காரணம் ஆகாது. அதாவது, உங்களுக்கு 17ஆவது வாரத்தில் கொரோனா வராமலே இருந்திருந்தாலும், இந்தப் பேச்சு உங்கள் மருத்துவரிடம் நடந்திருக்க வேண்டும். 'வீட்டில் யாருக்காவது பிபி உண்டா' என்று கேட்டால் பலரும் அப்பாவின் மாத்திரையைத்தான் சொல்கிறார்கள். அம்மாவின் கர்ப்பத்தைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆஸ்பிரினைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட 1,776 பெண்களை வைத்து நடந்த ஆஸ்ப்ரே ஆய்வில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆவது வாரம் வரை தினமும் ராத்திரி 150 மி.கி. கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. 28 வாரம் வரை தொடங்கலாம் என்று சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு, ஆனால் 24இல் தொடங்கினால் அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. அதனால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, அம்மாவின் கதையைச் சொல்லி, 'இப்போது தொடங்கினால் எனக்குப் பலன் உண்டா' என்று நேராகக் கேளுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, அதனால் கிளம்பும் ஆஸ்துமா, வயிற்றுப்புண், ரத்தப்போக்குக் கோளாறு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின் சரியென்றால் எல்லா வலி மாத்திரையும் சரி என்று ஆகிவிடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை 20ஆவது வாரத்துக்குப் பிறகு தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பிபி பார்ப்பது. ப்ரீஎக்ளாம்ப்சியா பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்கும். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும் பெண்ணுக்கு 150/100 இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். மேல்கையில் கட்டும் கருவியாக வாங்குங்கள், மணிக்கட்டுக் கருவி வேண்டாம். கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்ட மாடலா என்று கேட்டு வாங்குங்கள். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறியதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும். முதல் தடவை கருவியை மருத்துவரிடம் எடுத்துப் போய் அவருடைய அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். காபி, டீ குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கால் மேல் கால் போட வேண்டாம், பேச வேண்டாம். கையை நெஞ்சு உயரத்தில் எதன் மேலாவது வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் படுத்துக்கொண்டு மேலே இருக்கும் வலது கையில் பார்த்தால் பிபி பொய்யாகக் குறைந்து காட்டும், அதை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். இப்போதைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். நாளுக்குப் பத்து முறை பார்ப்பது பயத்தைத்தான் ஏற்றும்.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90ஐத் தொட்டால், கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 160 அல்லது 110 என்றால் 15 நிமிடத்தில் திரும்பப் பார்த்து, குறையவில்லை என்றால் உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கும் என்று 2002இல் காட்டியது. நேரத்தோடு வந்து சேர்ந்தால்தான் அதைக் கொடுக்க முடியும்.

பாராசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண் மங்கல், கண் முன் பூச்சி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் ஒன்று வந்தாலும் பிபி எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் கிளம்புங்கள். பாதம் மட்டும் மாலையில் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்கு இயல்பு. மேல்வயிற்று வலியை கேஸ் என்றும், தலைவலியை 'கொரோனா வந்த களைப்பு இன்னும் போகவில்லை' என்றும் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லி ஒரு நாள் கழிந்துவிட்டால்தான் எனக்குக் கவலை.

ஒவ்வொரு பரிசோதனையிலும் சிறுநீர்ப் புரதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 28 வாரத்துக்கு மேல் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் ஒன்றை உங்கள் நிலையில் நான் கேட்டு வாங்குவேன். உணவில் கால்சியம் குறைவாக இருப்பவர்களுக்கு, ப்ரீஎக்ளாம்ப்சியா அபாயத்தைக் குறைக்க தினமும் 1.5 முதல் 2 கிராம் கால்சியத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீங்கள் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதையும் அதே சந்திப்பில் பேசிவிடுங்கள். ஒருமுறை வந்துவிட்டது என்பதால் கொரோனா திரும்ப வராது என்று இல்லை. தடுப்பூசி கடுமையான நோயைத் தடுக்கிறது, அதைக் கர்ப்பத்தில் போட்டுக்கொள்ளலாம். மறுபடி தொற்று வந்து பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை எழுதினால், பிபிக்கு நிஃபெடிபின் எடுத்துக்கொண்டிருக்கும் பட்சத்தில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாக்ஸ்லோவிட்டில் உள்ள ரிட்டோனாவிர், நிஃபெடிபினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், பிபி சட்டென்று இறங்கிவிடலாம்.

பிரசவம் ஆனதும் கருவியை எடுத்து வைத்துவிடாதீர்கள். ப்ரீஎக்ளாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தலைகாட்டுவதும் உண்டு, ஆறு வாரம் வரை. முதல் பத்து நாளாவது தினமும் பிபி பாருங்கள். அந்த நாட்களில் தலைவலியோ கண் மங்கலோ வந்து எந்த மருத்துவரிடம் போனாலும், பிரசவமாகி எத்தனை நாள் ஆகிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் மகப்பேறு மருத்துவராக இல்லாமலும் இருக்கலாம்.