அடைமழைக் காலத்தில் கொல்லைக் கோழி: கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை விடாது. அந்த மாதங்களுக்கான நாட்டுக்கோழிக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கறேன். பிராய்லர், காடை, வான்கோழி இப்போ வேண்டாம். எதைக் கேட்டாலும் கடைசியில் நான் வந்து நிற்கப்போற இடத்தை முதல்லயே சொல்லிடறேன்: கோழியைக் கொல்றது குளிர் இல்ல, ஈரம்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): ஐயா, பத்துப் பொட்டை, ஒரு சேவல். கீற்றுக் கொட்டகை. புயல் வர ரெண்டு நாள் இருக்குங்கறாங்க. எதை முதல்ல செய்யறது?

பதில்: தரையை. கொட்டகைத் தரை கொல்லை மட்டத்தைவிட உயரமா இல்லன்னா இன்னைக்கே செங்கல் அடுக்கி, மேல மூங்கில் தட்டியோ பழைய கதவுப் பலகையோ போட்டு 2 அடி உயரத்தில மேடை கட்டுங்க. மழை மேலேருந்து விழுந்து கெடுக்கறதைவிட, வாய்க்கால் நிரம்பி ராத்திரியில தண்ணி பக்கவாட்டில ஏறித்தான் நம்ம பக்கம் நிறையக் கோழி போகுது. இருட்டில கோழிக்குக் கண் தெரியாது, நின்ன இடத்திலேயே நனையும்.

அடுத்து கூரை. கீற்றுமேல தார்ப்பாய் விரிச்சாப் போதாது. அதுக்கு மேல குறுக்கும் நெடுக்குமாக் கயிறு போட்டு, முளை அடிச்சு இழுத்துக் கட்டணும். வாடைக்காற்றை நினைச்சு வடக்கும் கிழக்கும் மட்டும் கட்டிட்டு மத்த ரெண்டு பக்கத்தை விட்டுடறாங்க. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில கரையைக் கடந்துச்சு. புயலோட கண் போற பாதையில இருக்கற ஊர்ல கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, பிறகு எதிர்த்திசையிலேருந்து காற்று அடிக்கும். நாலு பக்கமும் கட்டுங்க.

பூவரசு, முருங்கைல அடையற கோழி இருந்தா நாளைக்குப் பொழுது சாயறதுக்கு முன்னாடி உள்ளே அடைச்சிடுங்க. முருங்கைதான் முதல்ல முறியும். உள்ளே உருப்படிக்கு 2 சதுர அடி, கம்பில 8 அங்குலம் இடம் வேணும். மேய்ச்சல் இல்லாத நாள்ல ஒரு உருப்படி 80 முதல் 100 கிராம் தின்னும், கால் லிட்டர் வரைக்கும் தண்ணி குடிக்கும். உங்க 11-க்கு 5 நாளைக்கு ஐந்தரைக் கிலோ தீனி, 15 லிட்டர் தண்ணி. மூடி போட்டு மேடைமேல வையுங்க. காய்ஞ்ச உமி ரெண்டு மூட்டை கையிருப்பு அவசியம். நனைஞ்ச உமியை அள்ளிப் போட்டுட்டுப் புதுசு போட அது இல்லன்னா மத்ததெல்லாம் வீண்.

கேள்வி (நன்னிலம்): ராத்திரி ரொம்பக் குளிருது. கூட்டுல பல்பு போடணுமா?

பதில்: வளர்ந்த கோழிக்கு வேண்டாம். இறகு முளைக்காத குஞ்சுக்குத்தான் வேணும்.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, 30 குஞ்சு, நாலு நாள் ஆகுது. பல்புலதான் வச்சிருக்கேன். புயல்னா கரண்ட் எத்தனை நாள் போகும்னு தெரியல.

பதில்: முதல் வாரம் குஞ்சு நிற்கற மட்டத்தில 35 டிகிரி வேணும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கிட்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லன்னா குஞ்சைப் பாருங்க: பல்புக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் கத்தினாக் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தாச் சூடு, பரவலாப் படுத்திருந்தாச் சரி. எல்.ஈ.டி. பல்புல வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில தொங்கவிடுங்க.

கரண்ட் போனா: வட்டத்தைச் சுருக்குங்க. ஒன்றரை அடி உயர அட்டையையோ தகரத்தையோ வளைச்சு, 30 குஞ்சும் நெருக்கமா நிற்கற அளவுக்குக் கொண்டுவாங்க. ஒரு லிட்டர் பாட்டில் நாலுல சுடுதண்ணி ஊத்தித் துணி சுத்தி நடுவில படுக்கவச்சு, ரெண்டு மணிக்கொரு தரம் மாத்துங்க. மேல சாக்கு போடலாம், ஒரு ஓரம் திறந்திருக்கணும். கரிச்சட்டியை மூடின அறைக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. அதிலேருந்து வர்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, குஞ்சும் போகும், பக்கத்தில படுத்திருக்கற ஆளும் போகலாம். அடைக்கோழி ஒண்ணு இருந்தா இதைவிட நல்லது: இருட்டினப்புறம் வயித்துக்கு அடியில ஒவ்வொண்ணா நுழைச்சுவிட்டா 10, 12 குஞ்சை அது பார்த்துக்கும்.

கேள்வி (வலங்கைமான்): ஆட்டுக்கு வாயில புண் வந்திருக்கு...

பதில்: ஆடு இங்க வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்குப் போங்க, இல்லன்னா 1962-க்குக் கூப்பிடுங்க.

கேள்வி (பாபநாசம்): ஒரு மாசக் குஞ்சு, எச்சத்தில ரத்தம். கடையில ஆம்ப்ரோலியம் கொடுத்தாங்க. கூடவே பி-காம்ப்ளக்ஸ் டானிக்கும் ஊத்தறேன். குறையல.

பதில்: அந்த டானிக்கை இன்னைக்கே நிறுத்துங்க. ரத்தக் கழிச்சல் கிருமிக்குப் பி1 வைட்டமின் கிடைக்காமப் பண்ணித்தான் ஆம்ப்ரோலியம் வேலை செய்யுது. நீங்க ஒரு கையால மருந்தும் இன்னொரு கையால அந்தக் கிருமிக்குச் சாப்பாடும் கொடுக்கறீங்க. 20 சதத் தூள்னா லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள், வேற தண்ணி வைக்கக் கூடாது. டானிக் அதுக்கப்புறம்.

மருந்து பாதிதான். அந்தக் கிருமி ஈர உமியில முதிர்ந்து திரும்ப வாய்க்குள்ள போகுது. உமியைக் கையில அள்ளிப் பிடிங்க. கையை விரிச்சதும் உதிரணும். உருண்டையா நின்னா மொத்தத்தையும் மாத்துங்க. புது உமியோட 100 சதுர அடிக்கு 5 கிலோ நீர்த்த சுண்ணாம்பு கலக்கலாம். சுட்ட கல்லை அப்படியே போடாதீங்க, கால் வெந்துடும். குஞ்சை வெளியே எடுத்துட்டுக் கலங்க, நெடி அடங்கினதும் விடுங்க.

கேள்வி (ஒன்டாரியோ, சொந்த ஊர் குத்தாலம்): அண்ணா, இங்க பனிப்புயல் எச்சரிக்கை. ஓரடிக்கு மேல கொட்டும், மைனஸ் 20 போகும்னு சொல்றாங்க. 6 கோழி, மரக்கூண்டு. பிளாஸ்டிக் ஷீட்டால முழுக்கச் சுத்தி மூடிட்டு ஹீட் லேம்ப் மாட்டப்போறேன். சரியா?

பதில்: ரெண்டுமே வேண்டாம் தம்பி. உமி, வைக்கோல், இறகுத் தூசி, மரம் எல்லாம் இருக்கற இடத்தில ஹீட் லேம்ப் ஒரு தடவை அறுந்து விழுந்தாப் போதும், கூண்டே எரிஞ்சுடும்.

முழுக்க மூடறது அதைவிட நைச்சியமா வேலையைக் காட்டும். கோழி மூச்சுல நீராவி வருது, எச்சத்தில முக்கால் பங்கு தண்ணி. வெளியேற வழி இல்லன்னா அது கொண்டையிலயும் தாடியிலயும் படிஞ்சு உறையும். கொண்டை நுனி கருத்துப் போறது அதனாலதான். வாசலின் தடவறது அந்த ஈரத்தை நிறுத்தாது. கூரைக்கு அடியில, கம்பில உட்கார்ந்திருக்கற கோழியோட தலைக்கு மேல, ரெண்டு பக்கமும் திறப்பு இருக்கட்டும். கம்பு மட்டத்திலயும் கீழேயும் ஒரு பொத்தல்கூட இருக்கக் கூடாது. கம்பு 4 அங்குல அகலப் பட்டையா இருந்தா, கோழி உட்கார்ந்ததும் விரலெல்லாம் வயித்து இறகுக்குள்ள போயிடும். கீழே ஓரடி ஆழத்துக்கு மரச்சீவல்.

தண்ணியை ராத்திரி உள்ளே வைக்காதீங்க. பகல்ல மூணு தரம் வெதுவெதுப்பா மாத்துங்க. ரப்பர் கிண்ணம்னா கவிழ்த்துத் தட்டினா ஐஸ் விழுந்துடும். அடையப் போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பிடி மக்காச்சோளம். முட்டையை அடிக்கடி எடுங்க, உறைஞ்சா வெடிக்கும். வலைக்கூரைமேல பனி சேர்ந்தா வலை அறுந்து விழும், கொட்டக் கொட்டத் தள்ளிவிடுங்க. புயல் விட்டதும் முதல் வேலை, திறப்பைப் பனி அடைச்சிருக்கான்னு பார்க்கறது.

வேதாரண்யம்: ஐயா மன்னிக்கணும். மைனஸ் 20-ல திறந்து வைங்கறீங்க. இங்க 20 டிகிரிக்கே என் கோழி சுருண்டு நிக்குது!

பதில்: உங்க கோழி நனைஞ்சிருக்கு. கோழியோட உடம்புச் சூடு 41 டிகிரி. இறகுக்குள்ள அடைபட்ட காற்றுதான் அதுக்குக் கம்பளி. இறகு காய்ஞ்சிருந்தா அங்க உறைபனியையும் தாங்குது; நனைஞ்சா அந்தக் காற்றுப் போய் இங்க 22 டிகிரியிலயும் விறைக்குது. நனைஞ்ச கோழியைத் துண்டால ஒத்தி எடுத்து, காய்ஞ்ச வைக்கோல் போட்ட கூடையில, காற்று நேரா அடிக்காத இடத்தில வையுங்க. முழுசாக் காயறவரைக்கும் கூட்டுக்கு அனுப்பாதீங்க.

பட்டுக்கோட்டை: காலங்காலமாப் பஞ்சாரத்து மேல சாக்குப் போட்டு மூடித்தான் வளர்க்கறோம். எதுவும் சாகல. திறந்து வைன்னு சொல்றது சும்மா புத்தகப் பேச்சு.

பதில்: பஞ்சாரமும் சாக்கும் மூச்சு விடும், அதனாலதான் சாகல. இப்போ மூடறது தார்ப்பாயால. அது ஒரு பொட்டு நீராவியையும் விடாது. நாளைக்குக் காலையில தார்ப்பாய் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க, கையில தண்ணி ஒட்டும். கோழி உட்கார்ற உயரத்துக்குக் குனிஞ்சு மூச்சு இழுங்க. கண் எரிஞ்சா அது அம்மோனியா. அதை ராத்திரி பூரா இழுத்த கோழிக்குத்தான் சளி பிடிக்குது, நீங்க குளிர்னு நினைச்சு இன்னும் இறுக்கி மூடறீங்க.

வேதாரண்யம்: சரிங்க ஐயா. எவ்வளவு திறக்கறது? சாரல் உள்ளே வருமே?

பதில்: கூரைக்கு அடியில நீளவாக்கில ரெண்டு பக்கமும் 6 அங்குலம். கூரையை 2 அடி வெளியே இறக்கிவிட்டாச் சாதாரணச் சாரல் வராது. புயல் உச்சத்தில இருக்கற நாலைந்து மணி நேரம் காற்று வர்ற பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கம் மட்டும் விடுங்க. திறப்பில அரை அங்குலக் கம்பிவலை அடிக்கணும். வயல்ல தண்ணி நின்னா எலி கூட்டுக்கு வரும், எலிக்குப் பின்னாடியே பாம்பு வரும்.

கேள்வி (திருவையாறு): குளிருக்கு எத்தனை வாட் பல்பு போடலாம்?

பதில்: மேலே நன்னிலத்துக்குச் சொன்னதுதான். வளர்ந்த கோழிக்குப் பல்பு இல்ல.

கேள்வி (கீழ்வேளூர்): பக்கத்து வீட்டுக் கோழி வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சு, கழுத்தைத் திருகிச் செத்துப்போச்சு. எங்களுதுல ரெண்டு தூங்கி நிக்குது. ஊசி போடலாமா? மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாப் போதுமா?

பதில்: அடையாளம் வெள்ளைக் கழிச்சல் மாதிரி இருக்கு. அதைக் குணப்படுத்த மருந்து இல்ல. அரைச்ச உருண்டையைக் கொடுங்க, தடுக்கல. ஆனா வைரஸை அது நிறுத்தும்னு நம்பி இருந்துடாதீங்க. தூங்கற ரெண்டையும் இப்பவே பிரிச்சு வேற இடத்தில வையுங்க. நோய்ப்பட்டதுக்கு ஊசி போடக் கூடாது, மத்ததுக்குப் போடலாமான்னு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நல்ல கோழிக்கு முதல்ல தீனி வச்சுட்டு, கடைசியா நோய்க்கோழிகிட்டப் போங்க. செருப்பையும் கையையும் கழுவுங்க.

மழைக்கு முன்னாடி போட்டிருக்கணும்: குஞ்சு பொரிச்ச முதல் வாரம் கண்ணுல சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, 8 வாரத்தில இறக்கைக்கு அடியில ஊசி. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரியிலயே இருக்கணும். கரண்ட் போன ஃபிரிட்ஜ்ல இருந்ததை வாங்கிப் போடறதும் போடாததும் ஒண்ணுதான். தண்ணியில கலந்து கொடுக்கற தடுப்பு மருந்துன்னா, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தண்ணியில பிளீச்சிங் பவுடர் கூடாது.

கேள்வி (சீர்காழி): மக்காச்சோளம் நனைஞ்சு பூசணம் பிடிச்சிருக்கு. காயவச்சுப் போடலாமா?

பதில்: கூடாது. பூசண நஞ்சு வெயில்லயும் போகாது, வேகவச்சாலும் போகாது, ஈரலைத்தான் தாக்கும். மாட்டுக்கும் போடாதீங்க.

கேள்வி (திருமருகல்): மழை ஆரம்பிச்சதும் முட்டை நின்னுபோச்சு. டானிக் சொல்லுங்க.

பதில்: டானிக் வேண்டாம், தீனி வேணும். ஒன்டாரியோவுல இப்போ பகல் 9 மணி நேரத்துக்கும் கம்மி, அங்க வெளிச்சம் குறைஞ்சு முட்டை நிற்கும். நம்ம மார்கழியில பதினொன்றரை மணி நேரம் இருக்கு. இங்க மேய்ச்சல் போனதும், இறகு உதிர்றதும்தான் பெரும்பாலும் காரணம். நொய்யும் தவிடும் மட்டும் போட்டா முட்டை வராது. கொஞ்சம் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் சேருங்க.

கேள்வி (கும்பகோணம்): ஹீட்டர் மாதிரி ஏதாவது...

பதில்: இல்ல. காய்ஞ்ச உமி.

கேள்வி (தலைஞாயிறு): ராத்திரி வெள்ளத்தில 14 கோழி போச்சு ஐயா. நிவாரணம் கிடைக்குமா? செத்ததை வாய்க்கால்ல விட்டுடலாமா?

பதில்: வாய்க்கால்ல போடாதீங்கம்மா. அந்தத் தண்ணிதான் அடுத்த ஊர் கொல்லைக்குப் போகுது. முதல்ல எல்லாத்தையும் வரிசையா வச்சுப் படம் எடுங்க, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தகவல் சொல்லுங்க. அவங்க பார்க்காமப் புதைச்சாக் கணக்குல வர்றது கஷ்டம். பிறகு கிணறு, குளத்துக்குத் தள்ளி மேடான இடத்தில 3 அடிக் குழி, கோழிமேல சுண்ணாம்பு, மேல மண். நாய் தோண்டாம இருக்க முள் போடுங்க. மிச்சக் கோழிக்குக் காய்ச்சி ஆறவச்ச தண்ணி மட்டும் வையுங்க.