ஐந்து வருஷமாக அடகில் இருக்கும் நகை

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நெல்லும் நிலக்கடலையும் போடுகிறேன். உரச் செலவு கட்டுப்படியாகவில்லை. அடுத்த பட்டத்தில் மொத்த நிலத்தையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்ற ஆசை. அரசு என்ன உதவி செய்யும்? பிஎம் கிசான் பணம் இரண்டு தவணையாக வரவில்லை, அலைந்து ஓய்ந்துவிட்டேன். கடன் எதுவும் இல்லை. மனைவியின் நகை மட்டும் ஐந்து வருஷமாக அடகில் இருக்கிறது, மூன்று லட்சத்துக்கு, ஒன்றரை வட்டி. தவறாமல் மாற்றி வைத்துவிடுகிறேன். அவள் ஒன்றும் கேட்பதில்லை.

பதில்: கடன் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மூன்று லட்சம் என்கிறீர்களே தம்பி, அது கடன் இல்லாமல் வேறென்ன?

நூற்றுக்கு ஒன்றரை என்றால் மாதம் 4,500, வருஷத்துக்கு 54,000 ரூபாய். ஐந்து வருஷத்தில் 2,70,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது. வராத 4,000 ரூபாய்க்கு அலைந்திருக்கிறீர்கள். வருஷா வருஷம் போகும் 54,000 உங்கள் கண்ணில் படவே இல்லை. உங்களுக்குக் கட்டுப்படியாகாதது உரம் மட்டும்தானா?

அப்புறம் அந்த 'அவள் ஒன்றும் கேட்பதில்லை'. கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கவரிங் சங்கிலியைப் போட்டுக்கொண்டு சொந்தக்காரர் கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களும் ஒன்றும் கேட்பதில்லை. பிறந்த வீட்டில் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. உங்களுக்கு முதல் கடன்காரர் உங்கள் மனைவி. அவருக்கு வட்டிகூடக் கொடுக்காமல் ஐந்து வெள்ளாமை எடுத்திருக்கிறீர்கள்.

இயற்கை விவசாயம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் சான்றிதழுக்கு நெல், கடலை போன்ற பயிர்களுக்கு மாற்றுக்காலம் இரண்டு வருஷம். அதுவரை விளைச்சல் குறையலாம், இயற்கை விளைபொருள் என்ற விலையும் வராது. அந்த இரண்டு வருஷத்தை எதை வைத்து ஓட்டுவீர்கள்? மிச்சமிருக்கும் நகையையா? குழுவாகச் சேர்ந்தால், இயற்கை விவசாயத்துக்கான மத்திய அரசின் 'பரம்பராகத் கிரிஷி விகாஸ்' திட்டத்தில் உதவி உண்டு. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து ஹெக்டேருக்கு 31,500 ரூபாய், அதில் இடுபொருளுக்கு நேராகக் கையில் வருவது 15,000. அதை நம்பி நான்கு ஏக்கரையும் இறக்காதீர்கள்.

ஒரு ஏக்கரில் ஆரம்பியுங்கள். நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். தழைச்சத்து மண்ணிலேயே சேரும், யூரியா செலவு குறையும். மற்ற மூன்று ஏக்கரிலும் இதைச் செய்யலாம். கடலைக்குத் தெளிப்பு நீர்ப் பாசனம் போடுங்கள். ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர் என்பதால் சிறு விவசாயி சான்றிதழ் வாங்கினால் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம். பிஎம் கிசானுக்கு ஆதார் சரிபார்ப்பு, வங்கி இணைப்பு, பட்டா பெயர் மூன்றையும் வேளாண்மை அலுவலகத்தில் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

பட்டா, அடங்கலோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பயிர்க்கடன் கேளுங்கள். தவணைக்குள் கட்டினால் அங்கே வட்டியே இல்லை. வங்கியின் கிசான் கடன் அட்டையிலும் கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது 18 சதவீதம்! ஆனால் அந்தப் பணத்தைத் தூக்கி அடகுக் கடையில் கட்டிவிடாதீர்கள், அது உழவுக்கும் விதைக்கும் கொடுத்தது. இத்தனை நாள் வெள்ளாமைக்குக் கைக்காசைப் போட்டீர்கள் அல்லவா, அது மிஞ்சும். அறுவடைப் பணத்தில் பயிர்க்கடனை அடைத்துவிட்டு மீதியை அசலில் கட்டுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அடகு ரசீதை எடுத்து மனைவி கையில் கொடுங்கள். வட்டிக் கணக்கை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் பட்டத்துப் பணத்தில் எந்த நகையை முதலில் மீட்பது என்று அவர் சொல்லட்டும்.