வைட்டமின் டி அளவு 9 என்றால் சளி நிற்காதா?

டெல்லி மயூர் விஹாரில் இரண்டு குளிர்காலமாகச் சளி விடவில்லை, ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று மிகக் குறைவாக வந்திருக்கிறது, வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதிய 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் சாப்பிட்டால் சீக்கிரம் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தினமும் வேண்டவே வேண்டாம். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியில் ஆரம்பித்து சிறுநீரகம் வரை போகும். வாரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் கலந்து. அவ்வளவுதான்.

சளி விஷயம் அவ்வளவு நேரானதில்லை. 2017-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வைட்டமின் டி அளவு 10-க்கும் கீழே இருந்தவர்களுக்குத்தான் நல்ல பலன் தெரிந்தது. அதுவும் மொத்தமாக விழுங்காமல் தினமோ வாரமோ எடுத்தவர்களுக்கு. 2025-ல் இன்னும் பல ஆய்வுகளைச் சேர்த்ததும் அந்தப் பலன் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. எலும்புக்காகச் சாப்பிடுங்கள். சளி குறைந்தால் லாபம்.

அப்புறம், கண்ணாடி அடைத்த பால்கனி வெயில் உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும். நானும் ஒரு மார்கழி முழுக்க அங்கே வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்து ஏமாந்தவன்தான். டெல்லிப் புகைமூட்டம் வேறு.

இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் பாருங்கள். வைட்டமின் காத்திருக்கலாம், காசநோய் காத்திருக்காது.